ஓடிய பிள்ளைகளின் நாடித்துடிப்பு: விளக்கம் தேவை

வணக்கம். மாங்குளம் பக்கம் தரம் 9 பிள்ளைகளுக்கு உடற்கல்வி படிப்பிக்கிறேன். ஓடி முடித்த கையோடு மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்து, 15 செக்கன் எண்ணி 4ஆல் பெருக்குகிறார்கள். பயிற்சி பழகிய இதயம் ஒரு துடிப்பிலேயே கூடுதல் இரத்தத்தைத் தள்ளும், அதனால் ஓய்வில் மெதுவாகத் துடிக்கும் என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது.

சிக்கல் வெயில்தான். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் போகவேண்டியிருப்பதால், அதே ஓட்டத்துக்கு மத்தியானத்தில் துடிப்பு நன்றாக ஏறுகிறது. எந்த அளவில் பிள்ளையை நிறுத்துவது? உச்சத் துடிப்பை மதிப்பிட 220இல் இருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பெரியவர்களுக்கானது. 14 வயதுக்கு அதை நம்ப மனம் வரவில்லை. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியும் கிட்டுகிறது. அனுபவமுள்ள ஆசிரியர்கள், தாதியர் யாராவது சொல்லுங்கோ. இளைப்பாறியும் துடிப்பு இறங்காத பிள்ளையை எப்போது வைத்தியரிடம் காட்டவேண்டும்?