ரவுட்டர் போட்டதும் பக்கத்து வீட்டு ரேடியோ இரைகிறது: அடாப்டரா, லேபிள் இல்லாததா?

கித்தாக்காடு (கேள்வி)

அண்ணன்மாரே, சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீடு. இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கிய வைஃபை ரவுட்டர். அடியில் எஃப்சிசி, சிஇ இரண்டும் அச்சிட்டிருக்கிறது. மலேசியத் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் லேபிள் இல்லை. அடாப்டர் 12 வோல்ட் 2 ஆம்பியர், அமெரிக்கத் தட்டை இரண்டு முள். டிராவல் அடாப்டர் வைத்துச் சொருகியிருக்கிறோம்.

போட்ட நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டி வீட்டு ரேடியோவில் மின்னல் எஃப்எம் இரைகிறது. எங்கள் மைஃப்ரீவியூ (ஆன்டெனாவில் வரும் இலவச டிஜிட்டல் டிவி) படமும் கட்டம் கட்டமாக உடைகிறது. லேன் முனை உலோகத்தைத் தொட்டால் விரலில் லேசாக விறுவிறுப்பு. இரைச்சல் எதிலிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எஃப்சிசி, சிஇ இருந்தால் போதாதா? 40 மீட்டர் தள்ளி அக்கா வீட்டுக்கும் லேன் கேபிள் இழுக்க வேண்டும், அதில் என்ன கவனிக்க வேண்டும்?

வயர்மேன்_பேராக்

தம்பி, முதலில் அந்த அடாப்டரைக் கழற்றி வையுங்கள். இரைச்சலும் விறுவிறுப்பும் தனித்தனிப் பிரச்சினை இல்லை.

இரண்டு முள் அடாப்டருக்கு எர்த் கிடையாது. உள்ளே 230 வோல்ட் பக்கத்தையும் 12 வோல்ட் பக்கத்தையும் ஒரு சின்ன ‘ஒய்’ வகை கெப்பாசிட்டர் இணைக்கும். அடாப்டர் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும்போது (சுவிட்சிங்) பிறக்கும் இரைச்சலை வெளியே விடாமல் பிறந்த இடத்துக்கே திருப்புவது அதன் வேலை. அதன் வழியாகத்தான் துளி மின்சாரமும் கசிகிறது. ஒழுங்கான அடாப்டரில் அது 0.25 மில்லிஆம்பியருக்குள் நிற்கும், அதனால் லேசான விறுவிறுப்பு இருப்பதை வைத்து மட்டும் ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. மட்டமான அடாப்டரில் அந்த இடத்தில் சாதாரண செராமிக் கெப்பாசிட்டரை வைத்துவிடுவார்கள். ஒய் வகையை, ஷார்ட் ஆகாத மாதிரி சோதித்துச் செய்கிறார்கள். சாதாரணது ஷார்ட் ஆகலாம். அப்படி ஆகிவிட்டால் 230 வோல்ட் நேராக நீங்கள் தொடும் லேன் முனைக்கு வந்துவிடும். மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் அப்போது விழும், ஆனால் அந்த மின்சாரம் ஓடுவது உங்கள் உடம்பு வழியாக.

இன்னொன்று, மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலைத் தடுக்க இருக்க வேண்டிய சோக் சுருளுக்குப் பதிலாக வெறும் கம்பியைப் போட்டிருப்பார்கள். இரைச்சல் வீட்டு வயரிங்கில் ஏறி, வயரிங்கே ஆன்டெனாவாகிவிடும். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வயர் ஓடுவதால்தான் பாட்டி வீடு வரை போகிறது.

சோதிப்பது இப்படி. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவை எடுத்து, எஃப்எம்மில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து ரவுட்டர் அருகே பிடியுங்கள். ஒவ்வொன்றாக மாற்றிக் கேளுங்கள்: அடாப்டரைச் சுவரிலிருந்து உருவியதும் நிற்கிறதா, லேன் கேபிள்களை மட்டும் கழற்றினால் நிற்கிறதா, அடாப்டருக்குப் பதில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி அலாரம் பேட்டரியில் ரவுட்டரை ஓட்டினால் நிற்கிறதா. பேட்டரி வயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம், பிளஸ் மைனஸையும் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் அமைதியாக ஓடினால் அடாப்டர்தான்.

புது அடாப்டர் வாங்கும்போது மூன்று முள், சிரிம் (மலேசியத் தரச் சான்று அமைப்பு) லேபிள், 12 வோல்ட், 2 ஆம்பியர் அல்லது அதற்கு மேல், நடுமுனை பிளஸ் ஆகியவற்றைப் பாருங்கள். பின் அளவில் 5.5×2.1, 5.5×2.5 மில்லிமீட்டர் இரண்டும் பார்க்க ஒன்று போலிருக்கும். 2.1 பின்னுக்கு 2.5 துளை தளர்வாகி, அசைந்தால் ரவுட்டர் அணைந்து அணைந்து எரியும்.

பழைய அடாப்டரைத் திறந்து பார்க்காதீர்கள். உருவிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும்.

லேபிள்_பார்ப்பவர்

எஃப்சிசி அமெரிக்க விதி. சிஇ என்பது ஐரோப்பாவுக்காகத் தயாரிப்பாளர் தானே அச்சிட்டுக்கொள்ளும் அறிவிப்பு. இரண்டும் இங்கே சான்றாகாது. நம் நாட்டில் 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் ரேடியோப் பக்கத்தை எம்சிஎம்சி பார்க்கிறது, சான்று வழங்குவது சிரிம். அடாப்டரின் மின்சாரப் பாதுகாப்பு சுருஹஞ்சாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) பொறுப்பு. ஆக, ரவுட்டருக்கு ஒரு லேபிள், அடாப்டருக்கு வேறொன்று. வாங்குகிறவர்கள் ரவுட்டரின் அடியை மட்டும் பார்த்துவிட்டு அடாப்டரை விட்டுவிடுகிறார்கள்.

லேபிளுக்கு அப்பால் தரத்தை எடைபோட வேண்டுமென்றால், இரைச்சலுக்கு சிஸ்பர் 32 என்ற சர்வதேசத் தரநிலையின் ‘பி’ வகுப்பு. அதுதான் வீட்டுக்கானது, ‘ஏ’ வகுப்பு அலுவலகம், தொழிற்சாலைக்கு. பாதுகாப்புக்கு ஐஇசி 62368-1 தரநிலை. பழைய 60950-1 எண் மட்டும் இருந்தால் பழைய வடிவமைப்பு என்று பொருள்.

ரவுட்டர் செட்டிங்கில் எந்த நாடு என்று இருப்பதையும் பாருங்கள். அமெரிக்க ரவுட்டர் 6 கிகாஹெர்ட்ஸில் 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். இங்கே வைஃபைக்குத் திறந்தது 5925–6425 மட்டும். பல அமெரிக்க மாடல்களில் நாட்டை மாற்றவே விடாது. பெரிய ஆன்டெனா வாங்கி மாட்டுவதும் வேண்டாம். சான்று கிடைப்பது ரவுட்டரோடு வந்த ஆன்டெனாவை வைத்துச் சோதித்ததற்குத்தான்.

என் கருத்து: அடாப்டரை மாற்றினால் இரைச்சல் போகும், ரவுட்டருக்கு லேபிள் வந்துவிடாது. திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியுமுன் அனுப்பிவிடுங்கள்.

இடிவிழும்_ஊர்

அக்கா வீட்டுக்குச் செம்பு கேபிள் வேண்டாம். 100 மீட்டருக்குள் ஓடும் என்பது உண்மை, ஆனால் இரண்டு வீட்டுக்கும் எர்த் கம்பி தனித்தனி. பக்கத்தில் இடி விழும்போது அந்த இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் ஒரு நொடிக்கும் குறைவாக எழும். லேன் கேபிள் இரண்டையும் இணைக்கும் பாலமாகிறது. ஒரே இடியில் இரு வீட்டு ரவுட்டரும் டிவியும் போவது இதனால்தான்.

அதற்குப் பதில் மின்சாரம் கடத்தாத ஒளியிழை போடுங்கள்: முனை போட்டே வரும் சிங்கிள்மோட் ஃபைபர், எஸ்சி முனை, 50 மீட்டர். ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்க ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டர் பெட்டி, ஒன்று ‘ஏ’ (1310 நானோமீட்டர்), மற்றது ‘பி’ (1550). இரண்டு ‘ஏ’ வாங்கினால் இணைப்பு வராது, அதன் விளக்கு எரியாது. வெளியே தொங்கும் ஃபைபரில் தாங்குவதற்கு எஃகுக் கம்பி இருக்கும். அதைக் கூரைக் கொக்கியோடு நிறுத்திப் பிரித்துவிட்டு, ஃபைபரை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். எஃகையும் சேர்த்து இழுத்தால் செம்பு போட்ட கதைதான். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

டிபி பெட்டியில் (வீட்டு மின் விநியோகப் பெட்டி) இடியால் எழும் மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் டைப் 2 எஸ்பிடி போடச் சொன்னால், அதன் இணைப்பு வயர் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். நீளமாகச் சுற்றிவிட்டால் எஸ்பிடி இருந்தும் பயன் குறைந்துவிடும்.

கித்தாக்காடு

பேட்டரியில் சோதித்தோம். பாட்டி ரேடியோ சுத்தமாகிவிட்டது. ஆனால் டிவி இன்னும் உடைகிறது, லேன் கேபிளைக் கழற்றினால் மட்டும் சரியாகிறது. ரவுட்டரிலிருந்து டிவி பெட்டிக்குப் போவது தட்டையான வெள்ளை கேபிள்.

வயர்மேன்_பேராக்

அப்படியென்றால் டிவிக்குக் காரணம் அந்தத் தட்டைக் கேபிள். கிகாபிட் லேனின் கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 500, 625 இரண்டும் டிவி அலைவரிசைக்குள் விழுகின்றன. தட்டைக் கேபிளில் ஜோடி முறுக்கு சரியாக இருக்காது, அதனால் கசியும். முழுச் செம்பு, உருண்டையான கேட் 5இ கேபிளை மாற்றி, டிவி ஆன்டெனா வயரிலிருந்தும் பூஸ்டரிலிருந்தும் 30 சென்டிமீட்டராவது தள்ளி ஓட்டுங்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

அப்போதும் கொஞ்சம் மிஞ்சினால் ரவுட்டர் முனையருகே கேபிளில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் கிளிப் மாட்டுங்கள். அதில் கேபிளை அதிகம் சுற்றினால் நல்லது என்று நினைத்து ஏழெட்டுச் சுற்றுப் போடாதீர்கள். இவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் சுற்றுகளுக்கு இடையிலேயே இரைச்சல் தாவிவிடும். ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. ரவுட்டரின் யூஎஸ்பி 3.0 துளையில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையையே மந்தமாக்கும்.