அர்தேஷிர் ஜாஹெதி: மருமகன் என்பதால்தான் அமைச்சரா?

கேள்வி
ஈரான் வெளியுறவு அமைச்சராக இருந்த அர்தேஷிர் ஜாஹெதி பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். மன்னர் ஷாவின் மகள் ஷாநாஸைக் கட்டியதால் அமைச்சரானார், பஹ்ரைனில் வாக்கெடுப்புக்குச் சம்மதித்தார், பாரசீக வளைகுடாவின் மூன்று தீவுகளையும் அவர் காலத்தில்தான் பிடித்தார்கள் என்று குறிப்பெடுத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

பதில் 1
முதல் குறிப்பு நிற்காது. கல்யாணம் 1957, விவாகரத்து 1964, அமைச்சரானது அதற்கும் பிறகு. 1960-62இல் வாஷிங்டன் தூதராக இருந்ததை வேண்டுமானால் மருமகன் கணக்கில் எழுதலாம். அவருடைய உண்மையான மூலதனம் 1953. பிரதமர் மொசாதெக்கை நீக்கிவிட்டு அப்பா ஃபஸ்லொல்லா ஜாஹெதியைப் பிரதமராக நியமித்த ஷாவின் ஆணையை நகலெடுத்து, வெளிநாட்டு நிருபர்கள் கையில் கொடுத்தவர் இந்த மகன்தான். ஷா அதை மறக்கவில்லை.

பதில் 2
தீவுக் குறிப்பை அடித்துவிடுங்கள். ஜாஹெதி பதவியை விட்டுப் போனது 1971 செப்டம்பர். அபு மூசாவிலும் இரண்டு தும்ப் தீவுகளிலும் ஈரான் படை இறங்கியது நவம்பர் 30. அப்போது அமைச்சர் அப்பாஸ் கலாத்பரி. எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது.

பஹ்ரைனில் நடந்ததும் வாக்கெடுப்பு அல்ல. ஈரான் உரிமை கோரிவந்த பஹ்ரைனைப் பலத்தால் எடுக்க மாட்டோம் என்று ஷா 1969 ஜனவரியில் புது டெல்லியிலேயே சொல்லிவிட்டார். ஓட்டுப் பெட்டி வைத்தால் தன் ஆட்சியுரிமையே கேள்விக்குள்ளாகும் என்பது பஹ்ரைன் ஷேக்கின் கவலை. அதனால் ஐ.நா. தூதர் வின்ஸ்பியர் கிச்சார்டி 1970 மார்ச் இறுதியில் போய், சங்கங்கள், மன்றங்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார். பெரும்பாலோர் சுதந்திர நாடு என்றார்கள். மே 11இல் பாதுகாப்பு அவை 278ஆம் தீர்மானத்தில் ஒருமனதாக ஏற்றது. ஈரான் நாடாளுமன்றமான மஜ்லிஸில், பஹ்ரைனை விடக் கூடாது என்ற பான்-ஈரானிஸ்ட் கட்சி எகிறியது. அங்கே பதில் சொல்ல நின்றவர் ஜாஹெதி. முடிவு ஷாவுடையது, திட்டு இவருக்கு.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. அப்புறம் ஏன் 1971இல் விலகினார்?

பதில் 1
பிரதமர் ஹொவேதாவோடு ஒத்துப்போகவில்லை. அமைச்சரவையைச் சுற்றிக்கொண்டு நேராக ஷாவிடம் பேசுவது ஜாஹெதியின் வழக்கம். 1973இல் மறுபடி வாஷிங்டன் தூதர். 1979 வரை அங்கேதான். அந்தப் பகுதியைக் கேளிக்கை விருந்துகளோடு முடித்துவிடாதீர்கள். 1977 மார்ச்சில் ஹனஃபி என்ற ஆயுதம் தாங்கிய முஸ்லிம் குழு வாஷிங்டனில் மூன்று கட்டடங்களில் பணயக்கைதிகளைப் பிடித்தபோது, எகிப்து, பாகிஸ்தான் தூதர்களோடு போய்ப் பேசி விடுவிக்க உதவியவர் இவர்.