பல்லடம் ரோட்டில் படுத்துக்கொண்ட பத்மினி

எங்கள் அப்பாருடைய 1982 மாடல் பத்மினி கார், ஸ்டியரிங்கிலேயே கியர் இருக்கும் வண்டி, காங்கேயத்துக்குப் பக்கம் தேங்காய்க் களத்துச் சாளையில் 11 வருஷம் கோழி முட்டையிடும் இடமாகக் கிடந்தது. டேங்கைக் கழற்றித் துருவைக் கழுவி, தகரம் தட்டி, ஒரு பட்டறையில் பெயிண்ட் அடித்து, ஒருவழியாக ரோட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதல் ஓட்டம் கோவைக்கு. சித்திரை வெயில். அவினாசிபாளையம் தாண்டியதும் இருமியது, திக்கியது, நின்றுவிட்டது. கால் மணி நேரம் புளியமரத்தடியில் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும், அப்புறம் பல்லடத்துக்கு முன்னாடி மறுபடியும் நிற்கும்.

சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி, சூலூர் வரை தண்ணீர் பாட்டிலும் கையுமாகப் போனேன். பிறகு ஸ்பார்க் கொடுக்கும் கண்டன்சர், காயில், பாயின்ட் எல்லாம் மாற்றினேன். ஸ்பார்க் நல்ல நீலமாகத்தான் வந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்தபோதே அந்தப் பக்கத்தை விட்டிருக்க வேண்டும். கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்து ஜெட்டை ஊதியாயிற்று. பம்ப் டயாப்ரம் மட்டும் நிஜமாகவே போயிருந்தது, இப்போது வரும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்குவதில்லை, தொட்டால் இளகி உப்பியிருந்தது. அதையும் மாற்றினேன். வண்டி நின்றது.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. அரை டேங்க் பெட்ரோல் இருந்தால் 40 நிமிடம் ஓடுகிறது, நிறையப் போட்டால் கால் மணியிலேயே நிற்கிறது. சூடுதான் காரணம் என்றால் அதற்கும் டேங்குக்கும் என்ன சம்பந்தம்?

எண்ணெய் மில்லில் இருக்கும் மாமாவிடம் புலம்பினேன். "ஏனுங் மாப்ள, எண்ணெய் டின்னுக்கு ஒத்தைப் பொத்தல் போட்டா எண்ணெய் ஊத்துமுங்களா?" என்றார், கணக்கு நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல்.

அடுத்த முறை நின்றபோது பானெட்டைத் திறக்கவில்லை. பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. வண்டி உடனே ஸ்டார்ட். மூடியில் ஊசி நுழையும் அளவுக்குக் காற்றுத் துளை ஒன்று இருக்கிறது, அதன் மேல் பளபளவென்று பெயிண்ட். பெட்ரோல் குறையும் இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் டேங்க் பெட்ரோலை இழுத்துப் பிடித்துக்கொண்டது; டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் காற்றும் கொஞ்சம்தான், அதனால்தான் சீக்கிரம் நின்றது. "இதையும் சேர்த்து அடிச்சுருங்க" என்று மூடியைக் கொடுத்ததே நான்தான். கால் மணி நேரம் நிற்கும்போது மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே போயிருக்கிறது, அதை நாங்கள் சூடு ஆறியது என்று நினைத்திருக்கிறோம். மொத்தச் செலவு ஒரு குண்டூசி. அதற்கு முன்னால் ஆன செலவை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

*

உங்க பத்மினி கதையைப் படிச்சேனுங்க. எனக்குக் கோபிப் பக்கமுங்க, என் வண்டி அம்பாசடர். எனக்கு நிஜமாகவே சூடுதான். கவுந்தப்பாடி போவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். ரேடியேட்டருக்குள் ராடு விட்டுச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்து, வாட்டர் பம்ப்பும் புதுசு போட்டேன், ம்ஹும். கடைசியில் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகர மூடி ஒன்று கசிய ஆரம்பித்தது. அதை எடுத்துவிட்டு சைக்கிள் ஸ்போக்கை உள்ளே விட்டுக் குத்தினால், கடைசி சிலிண்டர் ஓரம் செம்மண் மாதிரி துரு இறுகிக் கிடக்கிறது. ஒரு டீ டம்ளர் நிறைய வந்தது. தோட்டத்து போர்த் தண்ணீரையே வருஷக்கணக்கில் ஊற்றியிருக்கிறார்கள், சோறாக்குற குண்டாவிலேயே வெள்ளையாகப் படியும் தண்ணி இன்ஜினை மட்டும் விடுமா? இப்போது கூலன்ட்தான், முள் பாதியைத் தாண்டுவதில்லை.

அது சரி, பெயிண்ட் அடித்த பட்டறைக்காரர் என்னதான் சொன்னார்?

*

"நீங்க சொன்னதத்தானுங்க அடிச்சோம்" என்றார்.