மனைவிக்கு வசதியான சைக்கிள்: 26 அங்குலமா, மடக்கு சைக்கிளா?

தெம்பனிஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் மனைவியின் பிறந்தநாள் வருகிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சைக்கிளை வாங்கி வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்பது என் ஆசை. ஆறு ஆண்டுகளாக வார இறுதிகளில் நான் சைக்கிளோட்டி வந்தாலும், எனக்குத் தெரிந்ததெல்லாம் குனிந்து ஓட்டும் பந்தய வகைச் சைக்கிள்தான். நிமிர்ந்து உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு வயது 45, உயரம் 152 சென்டிமீட்டர். படியேறினால் வலது முழங்கால் சற்று வலிக்கும். கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்திற்கு லேடீஸ் சைக்கிளில் போனவர். சிங்கப்பூருக்கு வந்த இந்த இருபது ஆண்டுகளில் சைக்கிளைத் தொட்டதில்லை. காலையில் சந்தைக்குப் போய்வருவது, மாலையில் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றுவது, எப்போதாவது என்னுடன் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை வருவது ஆகியவைதான் அவருடைய தேவைகள். பெரும்பாலும் சுடிதார்தான் அணிவார். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது.

கடையில் இரண்டு சைக்கிள்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 26 அங்குலச் சக்கரமும் சோபாவைப் போன்ற அகலமான சீட்டும் கொண்டது. அதில் கியர் இல்லை. மற்றொன்று, ஏழு கியர்களுடைய 20 அங்குல மடக்கு சைக்கிள். பெண்களுக்கு மெத்தென்ற சீட் இருந்தால் போதும் என்கிறார் கடைக்காரர். முழங்கால் வலிக்கு மின்சார உதவியுள்ள சைக்கிள்தான் ஏற்றது என்கிறார் அலுவலக நண்பர். 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை செலவிடலாம் என்று நினைக்கிறேன். எதை வாங்கலாம்?

காலைக்காற்று:

ஐயா, முதலில் அந்த வியப்பில் ஆழ்த்தும் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். என் கணவரும் இதைத்தான் செய்தார். அவர் ஆசையாக வாங்கிவந்த சைக்கிளில் குறுக்குக்கம்பி உயரமாக இருந்தது. சுடிதாரோடு காலைத் தூக்கிப்போட்டு ஏறுவதையாவது எப்படியோ சமாளித்தேன். சாலையைக் கடக்கும் இடத்தில் திடீரென்று இறங்க வேண்டியிருந்தபோது வண்டியோடு சேர்ந்து சாய்ந்துவிட்டேன். அடி பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எட்டு மாதங்கள் அந்தச் சைக்கிள் தாழ்வாரத்தில் துணி காயப்போடுவதற்கு மட்டுமே பயன்பட்டது. அன்பளிப்பு என்பதால் பிடிக்கவில்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே உங்கள் மனைவியை ஒரு சனிக்கிழமை காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிற்கு அழைத்துச் சென்று, அங்கு வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிள்களில் இரண்டு மூன்று வகைகளை, வகைக்கு ஒரு மணி நேரம் எடுத்து ஓட்டிப் பாருங்கள். கடை வாசலில் பத்து மீட்டர் ஓட்டிப் பார்ப்பதில் உடம்பு எதையும் சொல்லாது. முக்கால் மணி நேரம் கழிந்த பிறகுதான் மணிக்கட்டும் இடுப்பும் பேசத் தொடங்கும்.

சீட்டைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. நிமிர்ந்து உட்கார்ந்தால் உடல் எடையில் பெரும்பகுதி சீட்டின்மேல் இறங்கும் என்பதால், பந்தய சைக்கிளைவிடச் சற்று அகலமான சீட் தேவைதான். ஆனால் அளவுக்கு மீறி மென்மையாக இருந்தால், உடலைத் தாங்க வேண்டிய இரண்டு அமர்வெலும்புகளும் உள்ளே புதைந்துபோய், அவற்றுக்கு நடுவிலிருக்கும் மென்மையான தசைப்பகுதி அழுந்தி மரத்துப்போகும். மிக அகலமான சீட் ஒவ்வொரு மிதிக்கும் உள்தொடையில் உராய்ந்து புண்ணாக்கும். நெளிவுள்ள அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் கெட்டியான நாற்காலியில் வைத்து அதன்மேல் அவரை ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். எலும்புகள் பதிந்த இரண்டு குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து, அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமான, ஓரளவு கெட்டியான சீட்டாகத் தேடுங்கள்.

பழையசெயின்:

பணி ஓய்வு பெற்ற பிறகு எங்கள் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்தாரின் சைக்கிள்களைப் பழுதுபார்த்துக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சக்கரம் சிறிதாக இருந்தால் அதிகம் மிதிக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணம் நம்மவர்களிடையே வலுவாக இருக்கிறது. அது சரியன்று, மடக்கு சைக்கிளில் முன்புறப் பற்சக்கரத்தைப் பெரிதாக வைத்து அந்தக் குறையை ஈடுசெய்துவிடுவார்கள். முன்னால் 52 பற்களும் பின்னால் 28 முதல் 14 பற்கள் வரையும் உள்ள 20 அங்குல சைக்கிளில், ஒரு முழுச் சுற்று மிதித்தால் மிக இலகுவான கியரில் ஏறத்தாழ 3 மீட்டரும், மிகக் கடினமான கியரில் ஏறத்தாழ 5.7 மீட்டரும் நகரும். நீங்கள் பார்த்த கியரில்லாத 26 அங்குல சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18 பற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், எப்போதும் ஒரே அளவாக 5 மீட்டர்தான். சமதரையில் அது சுகமாக இருக்கும். கால்வாய்ப் பாலத்தின் சரிவிலோ எதிர்க்காற்றிலோ அந்த 5 மீட்டரையும் முழங்கால்தான் தள்ள வேண்டும். வலியுள்ள காலுக்கு இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுவதே நல்லது, அழுத்தி மிதிப்பது ஆகாது. எனவே எந்த அளவுச் சக்கரமானாலும் கியர் கட்டாயம் வேண்டும்.

பின்சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்திற்குள்ளேயே கியர் அமைந்த சைக்கிள் கிடைத்தால், சற்று விலை கூடினாலும் அதையே நான் பரிந்துரைப்பேன். நின்ற நிலையிலேயே கியரை மாற்றலாம் என்பது, சிவப்பு விளக்கில் கடினமான கியரோடு நின்றுவிட்டுத் தடுமாறுகிறவர்களுக்குப் பெரிய உதவி. செயினை முழுவதும் மூடும் கவர் பொருத்துவதும் அதில் எளிது. சுடிதாரின் கால்பகுதி கறையாகாது, துப்பட்டா மாட்டிக்கொள்ளாது. நம் ஊரின் ஈரக்காற்றுக்கும் மழைக்கும் மூடிய செயின்தான் நீண்ட நாள் உழைக்கும். கடலோரம் போய்வந்தால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும் என்பது தனிக்கதை.

யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெடலைத் தாங்கும் கிராங்கு பெரும்பாலான சைக்கிள்களில் 170 மில்லிமீட்டர் நீளமுள்ளது. 152 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது நீளம். பெடல் மேலே வரும்போது முழங்கால் தேவைக்கு மேல் மடங்கும். 160 அல்லது 152 மில்லிமீட்டர் கிராங்கை மாற்றிப் போட்டால் பல நேரங்களில் வலி குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

தெம்பனிஸ்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும், அதுதான் பாதுகாப்பு என்று கடையில் சொன்னார்கள். என் சைக்கிளில் நுனிவிரல்தான் தரையைத் தொடும். என் மனைவிக்கு எப்படி வைக்க வேண்டும்?

பழையசெயின்:

கடையில் சொன்னது முதல் வாரத்திற்கு மட்டும் பொருந்தும். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஏறுகிறவர் காலை ஊன்றிக்கொள்ள விரும்புவது இயல்பு. ஆகவே சீட்டைத் தாழ்த்தி வைத்து, ஆளில்லாத பாதையில் காலால் உந்தி உருண்டு, சமநிலை திரும்பட்டும். குரங்குப் பெடல் அடித்துப் பழகிய தலைமுறைக்கு அது அரைமணி நேரத்தில் திரும்பிவிடும். ஆனால் அதே உயரத்தில் தொடர்ந்து ஓட்டினால் முழங்கால் நிமிரவே வாய்ப்பில்லாமல், முழங்கால் சிப்பியின் முன்பக்கத்தில் வலி வரும். உங்கள் மனைவிக்கு ஏற்கெனவே அங்குதான் வலி இருக்குமானால் இது முக்கியம்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்திற்குக் கொண்டுவர வேண்டும். அப்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். இடுப்பு ஒருபக்கம் சாயக்கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் தேவையான அளவுக்கு மட்டும் மடங்கும். சீட்டுக் குழாயில் ஒரு வரம்புக்கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஒருபோதும் உயர்த்த வேண்டாம்.

இரண்டும் வேண்டுமென்றால், பெடல்களைச் சீட்டுக்கு நேர்கீழே வைக்காமல் சற்று முன்னே தள்ளி அமைத்த சைக்கிள்கள் உண்டு. அவற்றில் கால் நீளவும் செய்யும், நிறுத்தினால் பாதம் தரையிலும் பதியும். ஆனால் வண்டி நீளம் கூடிவிடும். உங்கள் புளோக்கின் மின்தூக்கியை அளந்துவிட்டு யோசியுங்கள்.

கைப்பிடியைப் பற்றியும் ஒரு சொல். சிறிய கைகளுக்குப் பிரேக் நெம்புகோல் எட்டாமல் இருக்கும். அதிலுள்ள சிறு திருகைத் திருகினால் நெம்புகோல் கைப்பிடிக்கு அருகில் வரும். பல கடைகளில் இதைத் தாமாகச் செய்து தருவதில்லை, கேட்க வேண்டும்.

மடக்குவண்டி:

நான் மடக்கு சைக்கிளின் பக்கம். காரணம், சைக்கிளைவிட வீடும் ரயிலும்தான். பொதுத் தாழ்வாரத்தில் எதை வைத்தாலும் 1.2 மீட்டர் அகலத்திற்கு வழி விட வேண்டும் என்பது தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. உங்கள் பந்தய சைக்கிள் ஏற்கெனவே அங்கு நிற்கிறதென்றால், இன்னொரு முழுநீளச் சைக்கிளுக்கு இடம் இருக்குமா என்று பாருங்கள். கீழ்த்தளக் கம்பியில் பூட்டி வைத்தால் மழையும் துருவும் துணையிருக்கும்.

மடக்கிய நிலையில் 120, 70, 40 சென்டிமீட்டருக்கு மிகாத சைக்கிளைப் பெருவிரைவு ரயிலில் எந்த நேரத்திலும் கொண்டுபோகலாம். ஈஸ்ட் கோஸ்ட் வரை ஓட்டிப் போய்விட்டுக் கால் வலித்தால் ரயிலில் திரும்பலாம் என்ற நிம்மதியே உங்கள் மனைவியைத் தைரியமாகக் கிளப்பிவிடும். பூங்காக்களை இணைக்கும் கிழக்குக் கடலோர வட்டப் பாதை 42 கிலோமீட்டர். அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மின்சார உதவியுள்ள சைக்கிள் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அதை நடைபாதையில் ஓட்ட முடியாது. பதிவு செய்து எண் பலகை மாட்ட வேண்டும். 2022 முதல் ஓட்டுபவர் இணையவழித் தேர்விலும் தேற வேண்டும். புளோக்கிலிருந்து சந்தை வரை நடைபாதையிலேயே போகிறவருக்கு அது பொருந்தாது. சாதாரண சைக்கிளை நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலும், சைக்கிள் பாதையில் 25 கிலோமீட்டர் வரையிலும் ஓட்டலாம். ஆனால் 1 ஜூலை 2025 முதல், சைக்கிள் பாதையை ஒட்டிப் பாதசாரிகளுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பாதையில் சைக்கிளோட்டினால் அபராதம் உண்டு. தெம்பனிஸில் இரண்டும் அருகருகே வரும் இடங்கள் நிறைய என்பதால் முதல் நாளே அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.

காலைக்காற்று:

மடக்குவண்டி ஐயா சொல்வதில் நியாயம் இருந்தாலும், ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மடக்கு சைக்கிள்கள் பல 12, 13 கிலோ எடையுள்ளவை. மடக்கிய பிறகு அதைத் தூக்கப்போவது யார்? என் தோழிகளில் மூவர் மடக்குவதற்கென்றே வாங்கிவிட்டு ஒருமுறைகூட மடக்காதவர்கள். தவிர, சிறிய சக்கரத்தில் கைப்பிடி சற்றே அசைந்தாலும் வண்டி சட்டென்று திரும்பும். பாதையிலுள்ள ஒவ்வொரு சிறு பள்ளமும் கைக்குத் தெரியும். நீண்ட நாள் கழித்து ஓட்டுகிறவரை அது பயமுறுத்தலாம். அகலமான டயர் இருந்தால் ஓரளவு குறையும்.

தெம்பனிஸ்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வியப்பில் ஆழ்த்தும் திட்டத்தைக் கைவிட்டு, மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை ஈஸ்ட் கோஸ்டில் மூன்று வகைகளை எடுத்தோம். சோபா சீட் வைத்த சைக்கிளில் ஏறிய பத்தாவது நிமிடமே, இது சீட்டா, கட்டிலா என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். மடக்கு சைக்கிளை நன்றாகவே ஓட்டினார். மடக்கிப் பார்க்கச் சொன்னபோது என்னைத்தான் பார்த்தார்.

முடிவில் வாங்கியது, நான் பட்டியலில் வைத்திராத ஒன்று: 24 அங்குலச் சக்கரம், குறுக்குக்கம்பி நன்றாகத் தாழ்ந்த சட்டகம், குடத்திற்குள் மூன்று கியர், முழுச் செயின் கவர், முன்னால் கூடை. கிராங்கை 160 மில்லிமீட்டராக மாற்றவும், பிரேக் நெம்புகோலை அருகில் கொண்டுவரவும் கேட்டு வாங்கினோம். எல்லாம் சேர்த்து 640 வெள்ளி ஆனது. அட்டைப்பெட்டி முறையில் அளந்து சீட்டைத் தனியாக மாற்றினோம். தாழ்வாரத்தை அளந்து பார்த்ததில், என் சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் அவருடையதற்கு இடம் என்று தெரிந்தது. இப்போது என் சைக்கிள் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது.

முதல் வாரம் சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தோம். நேற்று இரண்டு விரற்கடை உயர்த்தினோம், இன்னும் ஒரு விரற்கடை பாக்கியிருக்கிறது. பிடோக் நீர்த்தேக்கத்தின் 4.3 கிலோமீட்டரை ஒருமுறை சுற்றியதில் முழங்கால் எதுவும் சொல்லவில்லை. இன்று காலை சந்தைக்குத் தனியாகவே கிளம்பிவிட்டார். நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, நீங்கள் வந்தால் கூடையில் காய்கறி வைக்க இடமிருக்காது என்றார். என் சைக்கிளில் கூடை கிடையாது என்பதை அவர் கவனித்திருக்கிறார்.