நேஷன்ஸ்டேட்ஸ்: நான் பார்த்த ஒரு பதவி மாற்றம்

ஆளுக்கொரு கற்பனை நாட்டை நடத்தும் இணைய விளையாட்டு நேஷன்ஸ்டேட்ஸ்; அந்த நாடுகள் பிராந்தியங்களாகச் சேர்ந்திருக்கும். அதன் அரசியலில் பார்த்ததை இங்கே பலர் சொல்லும்போது கவிழ்ப்பு, படையெடுப்புக் கதைகள் நிறைய வந்துவிட்டன. என் மனதில் நின்றது, சண்டையே இல்லாமல் நடந்த ஒரு பதவி மாற்றம்.

என் நாடு நார்த் பசிபிக்கில் இருந்தது. புது நாடுகள் தானாக வந்து பிறக்கும் பெரிய பிராந்தியங்களில் அதுவும் ஒன்று. அங்கே அரசியல் சாசனம், உரிமைச் சட்டம், நீதிமன்றம் எல்லாம் உண்டு. உறுதிமொழி எடுத்துப் பிராந்தியப் பேரவையில் சேர்ந்தால் மசோதாவுக்கும் வாக்களிக்கலாம், பிராந்தியத்தின் தலைவரான டெலிகேட்டுக்கான தேர்தலிலும் வாக்களிக்கலாம். நான்கு மாதத்துக்கு ஒரு முறை தேர்தல்.

இதில் எதுவுமே விளையாட்டின் மென்பொருளுக்குத் தெரியாது. அது எண்ணுவது எண்டோர்ஸ்மென்ட்டை மட்டும்தான். விளையாட்டுக்குள் இருக்கும் உலக அவையில் உறுப்பினரான நாடுகள், அதே பிராந்தியத்தில் உள்ள சக உறுப்பு நாட்டுக்குத் தரும் ஆதரவு அது. யாருக்கு அது அதிகமோ, அடுத்த அப்டேட்டில் (விளையாட்டு தினமும் கணக்கைப் புதுப்பிக்கும் நேரம்) அவர் டெலிகேட். பிடிக்காத நாடுகளை வெளியேற்றும் அதிகாரமும் அவருக்கு உண்டு. நார்த் பசிபிக் போன்ற பசிபிக் பிராந்தியங்களில், பிராந்தியத்தைத் தொடங்கி டெலிகேட்டுக்கும் மேலே இருக்கும் நிறுவனர் என்று ஒருவர் கிடையாது. டெலிகேட் தவறினால் மேலே போய் முறையிட ஆளில்லை.

நான் பார்த்த தேர்தலில் புதியவர் ஜெயித்தார். ஆனால் பழையவரிடம் நூற்றுக்கணக்கில் எண்டோர்ஸ்மென்ட் குவிந்திருந்தது. நாற்காலியை விடமாட்டேன் என்றிருந்தால் சாசனத்தால் உடனே ஒன்றும் செய்திருக்க முடியாது. அவரோ, "எனக்குத் தந்ததைத் திரும்பப் பெறுங்கள், அவருக்குக் கொடுங்கள்" என்று தானே எல்லோருக்கும் டெலிகிராம் (விளையாட்டுக்குள் அனுப்பும் செய்தி) அனுப்பினார். நாங்களும் அனுப்பினோம். தினமும் இடைவெளி குறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு அப்டேட்டில் பெயர் மாறியது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

அவருடைய நல்ல மனதை மட்டும் அந்தப் பிராந்தியம் நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்டோர்ஸ்மென்ட்டும், விளையாட்டு கணக்கிடும் செல்வாக்குப் புள்ளியும் நிறைய சேர்த்து வைத்திருக்கும் சிலரைக் கொண்டு ஒரு பாதுகாப்புக் குழு உண்டு. டெலிகேட் அடம்பிடித்தால் அவரைத் தாண்டிப் போகக்கூடியவர்கள் அவர்கள்தான். என்னைக் கேட்டால், சாசனத்துக்குப் பல் கொடுப்பதே அந்தக் குழுதான்.

— — —

(இன்னொருவர் எழுதியது) மேலே சொன்னதற்கு என் அனுபவம் நேர்மாறு. எங்களுடையது சின்னப் பிராந்தியம். நிறுவனரின் நாடு செயலிழந்து போயிருந்தது. ஒரு நாள் அப்டேட்டுக்குச் சற்று முன்பு அறியாத நாடுகள் கூட்டமாக உள்ளே வந்தன, எல்லாம் ஒரே நாட்டை எண்டோர்ஸ் செய்தன. அப்டேட் முடிந்ததும் டெலிகேட் பதவி அவர்களிடம். நாங்கள் எழுதிய சட்டங்கள் அப்படியே கிடந்தன. எங்களில் பாதிப் பேர் உலக அவையிலேயே சேராமல் இருந்தார்கள். சேர்ந்து ஒருவரையொருவர் எண்டோர்ஸ் செய்திருந்தால் அத்தனை சுலபமாகப் போயிருக்காது. சின்னப் பிராந்தியம் நடத்துபவர்கள் தேர்தல் வைப்பதற்கு முன்பு இதைக் கவனியுங்கள்.