புஷ் ஸ்டார்ட் போட்டபின் இன்ஜின் பிடிக்கவில்லை. நாளை காலை ஹயர், அவசரம்

கொட்டகலை_வேகன் (திங்கள், மாலை 6.10)
வணக்கம். சாவிக்குப் பதில் பட்டன் போட்டேன். கிட் கொழும்பு பஞ்சிகாவத்தையில், உதிரிப்பாகக் கடையில் வாங்கியது. ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து நானே பூட்டினேன். பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. வயரெல்லாம் படத்தில் உள்ளபடிதான். நாளை காலை 5 மணிக்கு நானுஓயா ஸ்டேஷனுக்கு ஹயர். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மழைக்கால_டிரைவர்
என்ன வண்டி? எந்த வருடம்? மெனுவல் கியரா, ஆட்டோ கியரா? "படத்தில் உள்ளபடி" என்கிறீர்கள், எந்தப் படம்? இங்கே படம் எதையும் காணவில்லையே.

எர்த்_அண்ணன்
எர்த் வயரைப் பாருங்கள் தம்பி. டாஷ்போர்டுக்குக் கீழே பெயின்ட் பூசிய தகட்டில் முடுக்கியிருப்பீர்கள். சுரண்டிவிட்டு முடுக்குங்கள். எர்த் சரியில்லாத வண்டியில் வேறு எதைப் பார்த்தும் பயனில்லை.

பழைய_இரும்பு
இதே கேள்விக்கு எத்தனை முறை எழுதுவது? தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. சாவி சுவிட்ச் என்பது ஒரு சுவிட்ச் அல்ல, நாலைந்து சுவிட்சுகள் ஒரே உருளையில். ஏசிசி என்ற வயர் ரேடியோவுக்கு. ஐஜி1 இன்ஜினுக்கு. ஐஜி2 பெரும்பாலும் ஃபேன், வைப்பர் போன்றவற்றுக்கு. எஸ்டி செல்ஃபுக்கு. செல்ஃப் சுற்றும்போது ஏசிசி அறுபட வேண்டும், ஐஜி1 ஒருபோதும் அறுபடக் கூடாது. சில கிட்களில் இரண்டு "ஆன்" வயர்களில் ஒன்று சுற்றும் நேரத்தில் அறுந்துவிடும். அதைக் கொண்டுபோய் ஐஜி1இல் கொடுத்திருந்தால், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்குக் கரண்ட் போகாது, பொறி வராது. விடிய விடியச் சுற்றலாம். டெஸ்ட் பல்பைக் காயிலில் வைத்துவிட்டுப் பட்டனை அழுத்திப் பாருங்கள். வயரிங் தெரியாதவர்கள் ஏன் வயரைத் தொடுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

கொட்டகலை_வேகன்
கொரோலா வேகன், 94. மெனுவல். எர்த்தைச் சுரண்டிப் போட்டேன், மாற்றம் இல்லை. பல்பு வைக்கக் காயிலைத் தேடினேன், அப்படி ஒன்றைக் காணவே இல்லை. நேற்று மதியம் சாவியில் ஒரு சுற்றுப் போய் வந்து, வேலை முடித்ததும் பட்டனில் இரண்டு முறை ஸ்டார்ட் ஆனது. இன்று காலையிலிருந்துதான் முரண்டு பிடிக்கிறது.

மழைக்கால_டிரைவர்
காயிலைக் காணவில்லையா? தம்பி, அது டீசல் வண்டியா?

கொட்டகலை_வேகன்
ஆமாம், டீசல்தான். 2சி இன்ஜின். வேகன் என்றாலே தெரியும் என்று நினைத்தேன்.

பண்டாரவளை_வயரிங்
இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் எல்லோரும் இந்நேரம் சாப்பிடப் போயிருக்கலாம்.

டீசலில் காயிலும் இல்லை, பொறியும் இல்லை. அமுங்கிய காற்றின் சூட்டில்தான் எரிய வேண்டும். உங்கள் இன்ஜினில் டீசல் முதலில் பக்கத்தில் உள்ள சிறிய அறையில் எரிகிறது. குளிரில் அந்த அறை காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால்தான் அதை முன்கூட்டியே சூடாக்க ஹீட்டர் பிளக். சாவி இருந்தபோது ஆன் வரை திருப்பி, டாஷ்போர்டில் மஞ்சள் சுருள் விளக்கு அணையும் வரை காத்திருந்து, அதன்பிறகே சுற்றியிருப்பீர்கள். கை தானாகச் செய்த வேலை, உங்களுக்கு நினைவுகூட இருக்காது. இப்போது பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால் கிட் ஒரே மூச்சில் செல்ஃபுக்குப் போய்விடுகிறது. நேற்று இன்ஜின் சூடாக இருந்தது, பிடித்தது. கொட்டகலை விடியற்காலைக் குளிரில் எப்படிப் பிடிக்கும்?

இப்படிச் செய்து பாருங்கள். பிரேக்கைத் தொடாமல் பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஏசிசி, இன்னொரு முறை அழுத்தினால் ஆன். அங்கே நிறுத்துங்கள். சுருள் விளக்கு எரிந்து அணையட்டும். அதன்பிறகு பிரேக்கை மிதித்து அழுத்துங்கள். விளக்கே எரியவில்லை என்றால் ஹீட்டர் டைமருக்குப் போகும் ஐஜி வயர் உங்கள் இணைப்பில் விடுபட்டிருக்கிறது. டீசல் பம்பின் மேல், டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டையும் பாருங்கள். ஆன் போட்டதும் "டக்" என்று கேட்க வேண்டும், செல்ஃப் சுற்றும்போதும் அதில் 12 வோல்ட் நிற்க வேண்டும். மலிவான கிட்களில் இன்னொரு தொல்லை உண்டு: பெட்ரோல் வண்டிக் கணக்கில் ஓரிரு விநாடி சுற்றிவிட்டு செல்ஃபை நிறுத்திவிடும். குளிர்ந்த டீசலுக்கு அது போதாது. சுற்றும் நேரத்தைக் கூட்ட வழி இருக்கிறதா என்று கிட்டோடு வந்த தாளில் பாருங்கள்.

பழைய_இரும்பு
ஐஜி1ஐப் பார்க்கச் சொன்னது நான்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

மழைக்கால_டிரைவர்
நீங்கள் காயிலைப் பார்க்கச் சொன்னீர்கள் ஐயா.

தலவாக்கலை_77
அதெல்லாம் இருக்கட்டும். மெனுவல் வண்டி. மேட்டில் வீடு. இரவில் கியரில் போட்டுத்தானே நிறுத்துகிறீர்கள்? கிளட்சை மிதித்தால் மட்டும் செல்ஃபைச் சுற்றவிடும் கிளட்ச் சுவிட்ச் போட்டீர்களா? பிரேக் வயரை மட்டும் கொடுத்திருந்தால் கியரில் இருக்கும்போதும் செல்ஃப் சுற்றும். என் மைத்துனர் இப்படித்தான் ஒரு கிட் பூட்டி, ரிமோட்டில் ஸ்டார்ட் ஆவதைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போனார். முதல் கியரில் இருந்த கார் தானாகத் துள்ளிப் போய்க் கோழிக்கூட்டை இடித்தது. கூட்டில் ஆள் இல்லை, கோழிகள் இருந்தன.

எர்த்_அண்ணன்
கியரில் போடுவதே தவறு. ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது?

தலவாக்கலை_77
எந்த ஊர் அண்ணன் நீங்கள்? இங்கே கேபிள் தளர்ந்த பழைய வண்டியை ஹேண்ட் பிரேக்கை நம்பி விட்டால் காலையில் தேயிலைக்குள் தேட வேண்டும். மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ், சக்கரத்துக்கு ஒரு கல். அப்பா காலத்திலிருந்து இதுதான்.

எர்த்_அண்ணன்
அப்பா காலத்து வண்டிக்கு ஏன் பட்டன்? புது வண்டி வாங்க வேண்டியதுதானே.

மழைக்கால_டிரைவர்
நல்ல யோசனை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். வரியைச் சேர்த்த விலையைப் பார்த்தபிறகு நானும் என் பழைய நிசான் சன்னி காருக்குப் புது சீட் உறைதான் வாங்கினேன். அவர் பட்டன் வாங்கினார். விட்டுவிடுங்கள்.

பழைய_இரும்பு
கல்லைப் பற்றிப் பேசுவோர் ஸ்டியரிங் பூட்டை மறந்துவிட்டார்கள். சாவி உருளையை என்ன செய்தீர்கள்? சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பூட்டு விழும். தலவாக்கலையிலிருந்து நானுஓயா ஏறும் வளைவில் அது விழுந்தால் நான் எழுதியதை நினைக்கவும் நேரம் இருக்காது. பூட்டைக் கழற்றிவிட்டால் திருடனுக்கு வசதி. சாவியை உருளையிலேயே விட்டுவைத்தால் பட்டன் எதற்கு?

பண்டாரவளை_வயரிங்
இது உண்மை. இந்த ஒன்றில் அவரோடு நிற்கிறேன். ஓடும்போது ஒரே தட்டில் இன்ஜின் அணையும் கிட்டா என்றும் வெறும் சமதரையில் மெதுவாகச் சோதித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நின்றபின், மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப்பின் பிரேக் கல்லாகிவிடும். ரம்பொடை இறக்கத்தில் முழங்கால் பட்டனில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பேட்டரி இறங்கினால் உருட்டி ஸ்டார்ட் செய்யும் வழியையும் நம்ப வேண்டாம். கிட்டின் ரிலேக்களைப் பிடித்துவைக்கவே மின்சாரம் வேண்டும்.

தலவாக்கலை_77
அதனால்தான் சொல்கிறேன், கல் போதும்.

எர்த்_அண்ணன்
கல்லை எடுக்க ஆள் இறங்க வேண்டும். மழையில் யார் இறங்குவது?

தலவாக்கலை_77
மழையில் இறங்க மாட்டேன் என்பவர் மலையில் வண்டி வைத்திருக்கக் கூடாது.

மழைக்கால_டிரைவர்
என் பெயரை இழுக்காதீர்கள். கொட்டகலைத் தம்பி, விளக்கு எரிந்ததா இல்லையா?

(இரவு முழுவதும் பதில் இல்லை.)

கொட்டகலை_வேகன் (செவ்வாய், காலை 8.40)
நானுஓயாவிலிருந்து எழுதுகிறேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, இரண்டாவது சுற்றில் பிடித்தது. பண்டாரவளை அண்ணாவுக்கு நன்றி. சாவி உருளையிலேயே இருக்கிறது. கல்லை எடுக்க மறந்து அதன் மேலேயே ஏறிவிட்டேன், அடியில் கொஞ்சம் இடித்தது. ரயில் வருகிறது, பிறகு எழுதுகிறேன்.

பண்டாரவளை_வயரிங்
மகிழ்ச்சி. கிளட்ச் சுவிட்ச் போட்டீர்களா? இடித்தது எதில் என்று குனிந்து பார்த்தீர்களா, டீசல் குழாய் அந்தப் பக்கம் இருக்கிறதா?

தலவாக்கலை_77
எவ்வளவு பெரிய கல்?

பண்டாரவளை_வயரிங் (வியாழன்)
தம்பி?

எர்த்_அண்ணன்
வண்டி பிடித்தது எர்த்தைச் சுரண்டியதால். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.