டீம்ல தேங்க்ஸ் சொல்ற பழக்கம், நெஜமா வேலைக்கு ஆகுதா?

கேள்வி:
ஹெச்ஆர் சொன்னாங்கன்னு வெள்ளிக்கிழமை மீட்டிங்ல ஆளாளுக்கு ஒருத்தருக்கு தேங்க்ஸ் சொல்ல ஆரம்பிச்சிருக்கோம், ஆனா எல்லாரும் மேனேஜருக்கே சொல்லிட்டு போயிடறாங்க, நைட் ஷிப்ட்ல சர்வர் பாக்குற பசங்க பேரு வர்றதே இல்ல. எப்படி சரி பண்றது?

பதில் 1:
ரவுண்டு வச்சா அப்படித்தான் ப்ரோ, அட்டெண்டன்ஸ் எடுக்குற மாதிரி ஆயிடும். என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க. "சூப்பர் டீம்"னா யாருக்கும் ஒட்டாது, "ராத்திரி ரெண்டு மணிக்கு டிஸ்க் ஃபுல் ஆனத நீ பாக்கலன்னா காலைல பில்லிங்கே ஓடிருக்காது"ன்னு அந்த பையனுக்கே மெசேஜ் போட்டு அவன் லீடையும் அதுல சேத்துடுங்க.

பதில் 2:
2003ல எம்மன்ஸ், மெக்கல்லோன்னு ரெண்டு அமெரிக்க சைக்காலஜிஸ்ட்ங்க ஸ்டூடண்ட்ஸ 10 வாரம், வாரம் ஒரு தடவ, நன்றியா நெனைக்கிற 5 விஷயம் வரைக்கும் எழுத சொன்னாங்க, இன்னொரு குரூப் எரிச்சலானத எழுதுச்சு. நன்றி எழுதுனவங்க வாழ்க்கை நல்லாருக்குன்னு சொன்னாங்க, எக்சர்சைஸும் கூடுதலா பண்ணாங்களாம். ஆனா அது தனியா எழுதுனது, சபைல எந்திரிச்சு சொன்னது இல்ல, அத கவனிக்கணும்.

பதில் 3:
ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம், தெனமும் டேபிள் தொடைக்கிற ஹவுஸ்கீப்பிங் அக்கா பேரு எத்தன பேருக்கு தெரியும்? அப்புறம் ஒண்ணு, நைட் ஷிப்ட் அலவன்ஸ இழுத்தடிச்சுட்டு தேங்க்ஸ் மட்டும் சொன்னா கடுப்புதான் ஆகும்.

கேட்டவர்:
அலவன்ஸ் ரெண்டு மாசமா பெண்டிங்தான் பாஸ். திங்கக்கிழமை மொதல்ல அத கேக்குறேன்.